மண்டபத்துச் சோறு

மாப்பிள்ளைக்கு என்ன உத்தியோகம் என்று யாராவது கேட்டால், என் மாமியார் சாரதாம்பாள், "கவர்மெண்ட்டு. மகப்பேறு சம்பந்தப்பட்டது" என்று சொல்லிவிட்டு, அடுத்த கேள்வி வருவதற்குள் காபி போட எழுந்துவிடுவார். பொய் என்று சொல்லிவிட முடியாது. வண்டியூர் தெப்பக்குளத்தைத் தாண்டிக் கிழக்கே போனால் வரும் கல்லுமேட்டுப்பட்டியில், மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிற அரசாங்க ஊழியன் நான். தோள்வரைக்கும் பாலித்தீன் உறையை மாட்டிக்கொண்டு, மாட்டின் பின்னால் நின்று, வானத்தைப் பார்த்தபடியே உள்ளே தடவி, காளை செய்யவேண்டிய காரியத்தை ஒரு குழாயால் முடித்துவைக்கிற வேலை.

எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாகத் தறி. என் கைக்கு இழை நிற்கவில்லை, தொட்டால் அறுந்தது. "இந்தக் கை எதுக்குத்தான் லாயக்கோ" என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டார். எதற்கு லாயக்கு என்று பிறகு தெரிந்தபோது இன்னொரு தடவை அடித்துக்கொண்டார்.

கல்லுமேட்டுப்பட்டியில் என்னை கிரிதரன் என்று கூப்பிட ஆளில்லை. பெரியவர்களுக்கு நான் ஊசி சார். இளவட்டங்களுக்குப் பொலிகாளை. என் டி.வி.எஸ். வண்டியின் சத்தம் கேட்டதும் டீக்கடையிலிருந்து, "மாப்ள, காளை வந்துருச்சு, பசுவைப் பிடிச்சுக் கட்டுங்கடா" என்று குரல் வரும். நானும் கோபித்துக்கொள்ளாமல் ஒரு தடவை ஹாரனை அடித்து, காளை போலத் தலையை ஆட்டிவிட்டுப் போவேன். கோபித்துக்கொண்டால் மட்டும் என்ன ஆகிவிடப் போகிறது?

அந்த ஊரில் ஆண்டிச்சாமி, ராக்கம்மாள் வீட்டில் ஒரு கிடேரி இருந்தது. பெயர் பவுனு. காலமெல்லாம் அடுத்தவர் வயலில் நாற்று நட்ட குடும்பம் அது. சொந்தம் என்று அவர்களுக்கு முதலில் வந்தது பவுனுவின் தாய்தான். அதற்கு ஊசி போட்டவன் நான். பவுனு பிறந்த கொஞ்ச நாளில் தாயைப் பாம்பு கடித்துவிட, ராக்கம்மாள் புட்டிப்பால் கொடுத்து இதை வளர்த்தார். ரோட்டில் என்னைப் பார்த்தால், "சார், ஒங்க மகளை வந்து ஒரு எட்டு பாத்துட்டுப் போங்க" என்பார். சுற்றி இருப்பவர்கள் சிரிப்பார்கள். எனக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமையாகவும் இருக்கும். நிறம் அப்படி. வெயிலில் நின்றால் பவுன் காசுதான்.

அந்த மகள்தான் சினை பிடிக்கவில்லை.

ஊசி போடுவேன். மூன்று வாரம் ஆனால், பிடிக்கவில்லை என்று, காளை தேடி மறுபடி கத்தும். மறுபடி போடுவேன். மறுபடி கத்தும். சில மாதம் கத்தாமலே இருந்து ஏமாற்றும். இதில் பாதிப் பழி இனத்துக்கு. பவுனுவின் தாயே முக்கால் ஜெர்சி. பவுனுவுக்கு அதற்கும் மேலே. மேலிடத்திலிருந்து என்ன விந்துக் குச்சி வருகிறதோ அதைப் போடுகிறவன் நான். பால் கூடும், பால் கூடும் என்று அந்த ரத்தத்தையே ஏற்றிக்கொண்டு போனோம். எங்கேயோ கடல் நடுவில், குளிர்ந்த தீவில் புல் மேய்ந்த ஜாதி அது. அதைக் கொண்டுவந்து மதுரைச் சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குக் கீழே கட்டினால், நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்குமே தவிர காதல் எங்கிருந்து வரும்?

பக்கத்து வீட்டுச் செல்லத்தாயிடம் ஒரு நாட்டு மாடு இருந்தது. விலா எலும்பை எண்ணிவிடலாம். சிம்மக்கல்லிலிருந்து வண்டியில் வருகிற வாழைத்தாரின் சருகு, சுவரில் பசை காயாத சினிமா போஸ்டர், எது கிடைத்தாலும் தின்னும். வருஷம் தவறாமல் கன்று போடும். என் ஊசிகூட வேண்டியதில்லை. எங்கேயோ கண்மாய்க்கரையில் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொண்டு வரும். செல்லத்தாய்க்கு வாய் கொஞ்சம் நீளம். "எம் மாடு போஸ்டரைத் தின்னு புள்ள பெத்துருது. ஒங்க மகளுக்கு அம்புட்டுச் சாப்பாடு போட்டும் ஒண்ணையும் காணோமே சார்?" என்பார்.

அந்த அம்புட்டுச் சாப்பாட்டில்தான் மீதிப் பாதி இருந்தது.

ஆண்டிச்சாமிக்கு வில்லாபுரம் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுகிற வேலை. முகூர்த்தம் முடிந்ததும், பந்தியில் மிஞ்சியதை இரண்டு பிளாஸ்டிக் வாளியில் அள்ளி சைக்கிளின் இருபக்கமும் தொங்கவிட்டுக்கொண்டு வருவார். வெள்ளைச் சோறு, அதன்மேல் சாம்பார், நடுவில் கேசரி, ஓரத்தில் நமுத்த அப்பளம். தெருமுனையில் வாளிக் கைப்பிடி 'கிணுங்' என்றதும் பவுனு அங்கிருந்தே கத்தும். ராக்கம்மாள் ஓடிப்போய் வாளியை இறக்கி அதன் முன்னால் வைப்பார். அது முகத்தைக் கழுத்துவரை உள்ளே விட்டு, பாயசம் சொட்டச் சொட்ட நிமிரும். ராக்கம்மாள் முந்தானையால் அதன் வாயைத் துடைத்துவிடுவார்.

தடவிப் பார்க்கும்போது எனக்குக் கையே மூச்சு வாங்கும். உள்ளே அப்படிக் கொழுப்பு.

"அக்கா, இது மாடு இல்லை. தார் ரோடு போடுற உருளை."

"கண்ணு வைக்காதீங்க சார்."

"கண்ணு வைக்கலை, உண்மையைச் சொல்றேன். கர்ப்பப்பையைச் சுத்திக் கொழுப்பு மூடிக்கிட்டா எப்படிச் சினை நிக்கும்? சோறு வயித்துல புளிச்சுப்போவுது. பச்சை இல்லை, உப்புச் சத்து இல்லை. சோத்தை நிறுத்துங்க. சோளத்தட்டை, அகத்தி, வைக்கோல். நான் குடுத்த தாது உப்புப் பாக்கெட்டு என்ன ஆச்சு?"

ராக்கம்மாள் உள்ளே கையைக் காட்டினார். சாமி படத்துக்குப் பக்கத்தில், பிரிக்காமல், மஞ்சள் பொட்டு வைத்து இருந்தது.

"கவர்மெண்ட்டு சும்மா குடுத்ததுல்ல. தீந்துபோயிரக் கூடாதுன்னு வச்சிருக்கேன்."

"அக்கா, அதுக்குத் தீபாராதனை காட்டினா மாடு சினை பிடிக்காது."

"வாயில்லாச் சீவன் சார். வாளிச் சத்தம் கேட்டா எப்படிக் கத்துதுன்னு நீங்க கேட்டதில்ல. நான் புள்ளத்தாச்சியா இருந்தப்ப நாத்தாங்கால்ல கேப்பக் கூழுக்கு ஏங்கி நின்னிருக்கேன். எம் வீட்டுல ஒரு சீவன் சோத்துக்குக் கத்துனா எனக்குத் தாங்காது." 

நான் கையைக் கழுவிக்கொண்டு வந்துவிட்டேன். சோறுதான் இவர்களுக்குக் கிடைத்த முதல் செல்வம். அதைப் போட்டுத்தான் பிரியத்தைக் காட்டத் தெரியும். வேண்டாம் என்று சொல்கிறவன் என்ன மனுஷன்?

அந்த வருஷம் மழை ஏமாற்றியது. இரண்டாயிரத்து இரண்டு. வைகையில் பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள். ஆனியில் ராக்கம்மாளின் மகள் இசைவாணி ஒரு துணிப்பையோடு பஸ்ஸிலிருந்து இறங்கினாள்.

கல்யாணமாகி நாலைந்து வருஷம் இருக்கும். புருஷன் மருது மினி பஸ்ஸில் கண்டக்டர். பிள்ளை இல்லை. "கொஞ்ச நாள் ஒங்க அம்மா வீட்டுல இருந்துட்டு வா" என்று மாமியார் சொல்லி அனுப்பியிருந்தார். அந்தக் கொஞ்ச நாள் எத்தனை நாள் என்று அவளும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. அவளைப் பெரியாஸ்பத்திரி, தனியார், நாட்டு மருந்து என்று எல்லா இடத்துக்கும் கூட்டிப் போயிருந்தார்கள். மருதுவை யாரும் எங்கேயும் கூட்டிப் போகவில்லை. எங்கள் இலாகாவில் ஒரு ஊரில் நாலு பசு சேர்ந்தாற்போல நிற்கவில்லை என்றால் முதலில் காளையைத்தான் சந்தேகப்படுவோம். மனிதர்களுக்கு அப்படி ஒரு இலாகா கிடையாது.

ராக்கம்மாள் ஒருநாள் என்னைத் தனியே அழைத்து, "சார், நீங்க இந்த மாதிரி விசயத்துலயே இருக்கீக. மகளுக்கு எதுனாச்சும்..." என்று இழுத்தார். வாழ்க்கையில் எனக்குச் சிரிப்பு வராத சிரிப்பான கேள்வி அது ஒன்றுதான்.

"அக்கா, நான் மாட்டு ஆளு" என்றேன்.

"தெரியும் சார். கேட்டுப் பாத்தேன்."

ஆடி பிறந்தது. ஆடியில் யார் கல்யாணம் செய்வார்கள்? மண்டபத்தைப் பூட்டி வெள்ளையடித்தார்கள். வாளிகள் வீட்டுச் சுவரில் தொங்கின. பவுனு முதல் வாரம் முழுக்கத் தெருமுனையைப் பார்த்துக் கத்தியது. ராக்கம்மாள் காதைப் பொத்திக்கொண்டார். கடைசியில் இசைவாணி, "கட்டிப்போட்டாத்தானம்மா கத்தும்" என்று கயிற்றை அவிழ்த்துக்கொண்டு கண்மாய்க்குள் இறங்கினாள்.

கண்மாயில் தண்ணீர் இல்லை. ஈரம் மட்டும் நடுவில் கொஞ்சம் இருந்தது. அங்கே அருகு, கோரை, பெயர் தெரியாத பச்சை ஏதேதோ. காலையில் போனால் வெயில் சாய்ந்துதான் வருவார்கள். பவுனுவுக்கு மேய்ச்சல். இசைவாணிக்கு, 'என்னத்தா, எதுனாச்சும் விசேசம் உண்டா' என்று கேட்க அங்கே யாரும் இல்லை. இரண்டு பேருக்கும் உடம்பு இறங்கியது. பவுனுவுக்கு இறங்கவேண்டியது இறங்கியது, அவளுக்கு இறங்கக்கூடாதது.

அவள்தான் அந்த உப்புப் பாக்கெட்டின் பொட்டை அழித்துப் பிரித்தவள். தவிட்டில் கலந்து நாள் தவறாமல் வைத்தாள்.

ஆடிக் கடைசியில் அவளே நிலையத்துக்கு வந்து நின்றாள். "சார், காலையிலருந்து கத்துது. வழும்பு கண்ணாடி மாதிரி வடியுது. வாறீகளா?"

போனேன். உள்ளே கை சுலபமாகப் போனது. கொழுப்பு வழிவிட்டிருந்தது. இந்தத் தடவை ஜெர்சிக் குச்சியைத் தொடவில்லை. குடுவையில் சிந்திக் குச்சி ஒன்று கிடந்தது, வெயில் தாங்குகிற சிந்து தேசத்து இனம். அதைப் போட்டேன். இசைவாணி கயிற்றைப் பிடித்தபடி பவுனுவின் காதில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா சொல்ற?"

"பிடிச்சுக்கடின்னு சொல்றேன் சார்."

நான் எதற்கும் ஒரு பகடி வைத்திருப்பவன். அன்றைக்கு உறையைக் கழற்றிவிட்டு, பவுனுவின் முதுகில் ஒரு தட்டு மட்டும் தட்டினேன்.

ஆவணி வந்ததும் மண்டபம் திறந்தது. வாளிகள் மறுபடி கிணுங்கின. பவுனுவும் கத்தியது. ஆனால் இசைவாணி வாளியைத் தொட விடவில்லை. "ஊசி சார் சொல்லிருக்காரும்மா" என்று தாயோடு மல்லுக்கு நின்றாள்.

"பெத்தவளுக்குத் தெரியாதா, ஊசிக்காரருக்குத்தான் தெரியுமா?" என்று ராக்கம்மாள் என் காதுபடவே கேட்டார்.

"ஊசிக்காரரு அதுக்கு அப்பன் இல்லையா? நீங்கதான சொல்வீக" என்றாள் மகள். அந்த வீட்டில் அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். ராக்கம்மாள் சிரிக்கவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு போய்த் தெருநாய்களுக்குக் கொட்டினார். தன் கைச்சோறு வேண்டாம் என்று சொல்லப்பட்டவளின் முதுகு எப்படி இருக்கும் என்று அன்றைக்குப் பார்த்தேன்.

மூன்று வாரம் கழித்து அந்தப் பக்கம் போனபோது, "மறுபடி கத்துச்சாம்மா?" என்று கேட்டேன். "நீங்க வந்து கைய விட்டுப் பாருங்க சார். அப்பறமாப் பேசுவோம்" என்று இசைவாணி மாட்டை ஓட்டிக்கொண்டு கண்மாய்க்குப் போய்விட்டாள். அதற்கு மூன்று மாதமாவது ஆகட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

புரட்டாசி கடைசிச் சனிக்கிழமை. வேறு ஒரு மாட்டுக்காக வந்தவன், மனசு கேட்காமல் ஆண்டிச்சாமி வீட்டுப் பக்கம் வண்டியைத் திருப்பினேன். இரண்டு மாதம் ஆகியிருந்தது. பழகிய கைக்கு இரண்டு மாதத்திலேயே தெரிந்துவிடும். எனக்கு அவசரம். அப்பன் அல்லவா?

கொட்டகையில் பவுனு இல்லை. முளைக்குச்சி மட்டும் இருந்தது. அதன் பக்கத்தில் ஆண்டிச்சாமி குத்தவைத்து உட்கார்ந்து பீடியைப் பற்றவைக்காமலே வாயில் வைத்திருந்தார்.

"மேய்ச்சலா அண்ணே?"

அவர் நிமிரவில்லை. ராக்கம்மாள்தான் வெளியே வந்தார். கண் வீங்கியிருந்தது, குரல் மட்டும் திடமாக இருந்தது.

"வித்துட்டோம் சார்."

"யாருக்கு?"

"சுருளிக்கு."

சுருளி என்றால் தரகர். ரிங் ரோட்டுப் பக்கம் புளியந்தோப்பில் மாடுகளைச் சேர்த்து லாரியில் ஏற்றி மலைக்கு அந்தப் பக்கம் அனுப்புகிறவர். பால் மாட்டுக்கு அவரிடம் யாரும் போவதில்லை.

"அடிமாட்டுக்கா அக்கா?"

ராக்கம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டார். "கோடாங்கிகிட்டக் கேட்டோம் சார். மகளுக்காகத்தான் கேட்டோம். உடுக்கை அடிச்சுச் சொல்லிப்புட்டான். ஒரு கூரைக்குக் கீழ ரெண்டு வெத்து வயிறு ஆகாதாம். ஒண்ணு வாசலைத் தாண்டுனாத்தான் இன்னொண்ணு நெறையுமாம். தாண்டுனது திரும்பி வரக் கூடாதாம்." மூச்சை இழுத்துக்கொண்டார். "எம் மகளை வாசல் தாண்டச் சொல்லவா சார்? அவ போற எடம் எது?"

இசைவாணியை அன்று காலையில் அத்தைக்காரியோடு அழகர்கோயிலுக்கு அனுப்பியிருந்தார்கள். அவள் இருந்தால் கயிற்றை விடமாட்டாள் என்று அவர்களுக்குத் தெரியும்.

"அண்ணே, வண்டியில ஏறுங்க" என்றேன்.

ஆண்டிச்சாமி ஏறினார். என் வண்டி இரண்டு பேரைத் தாங்காது. ஏற்றத்தில் அவர் இறங்கித் தள்ள, நான் முறுக்க, இப்படித்தான் மகளைக் காப்பாற்றப் போனோம்.

லாரி வந்து நின்றிருந்தது. பின்கதவைச் சாய்த்து, மண்மேட்டில் பொருத்திக்கொண்டிருந்தார்கள். காலொடிந்த காளை, மடி வற்றிய கிழடு, இவற்றுக்கு நடுவில் பவுனு, இது என்ன புது மண்டபம் என்று பார்க்கிற முகத்தோடு. ஆண்டிச்சாமியைப் பார்த்ததும் கத்தியது.

சுருளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "என்ன பொலிகாளை சார், எங்க தோப்புல ஒங்களுக்கு என்ன வேலை? இங்க யாருக்கும் புள்ள வரம் கேட்டு வரலையே?"

"ஒரு நிமிஷம் அண்ணே. இந்தக் கிடேரியைக் கையை விட்டுப் பாத்துக்கிறேன்."

"பாருங்க, பாருங்க. போற உசுருக்கு நீங்களும் ஒரு ஆசீர்வாதம் பண்ணி விடுங்க."

உறையை மாட்டிக்கொண்டேன். வழக்கம்போல வானத்தைப் பார்த்தேன். புளியங்கிளையில் ஒரு காக்கை. விரல்கள் தேடின. ஒரு பக்கம் சாதாரணம். இன்னொரு பக்கம் தளதளவென்று, தண்ணீர் நிரப்பிய பலூன் போல, விரலுக்கடியில் மெல்ல நழுவியது.

இந்த வேலையில் எத்தனையோ தடவை அதைத் தொட்டிருக்கிறேன். அன்றைக்கு மட்டும் கையை வெளியே எடுக்கப் பிடிக்கவில்லை. எடுத்தால் சொல்ல வேண்டும்.

"சினை" என்றேன்.

சுருளிதான் முதலில் பேசினார். "நெசமாவா? அட, ஒங்க வாயில சக்கரையைப் போட! டேய், அந்தக் கிடேரியை ஏத்தாத, இந்தப் பக்கம் கட்டு." பிறகு ஆண்டிச்சாமியைப் பார்த்தார். தரகர்தான், ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்த பிறகு எந்தத் தரகராலும் தரகராக இருக்க முடியாது. கயிற்றை எடுத்து நீட்டினார். "இந்தாய்யா. குடுத்த காசை அப்படியே குடுத்துட்டு ஓட்டிட்டுப் போ. சினை மாட்டைக் கசாப்புக்கு அனுப்புன பாவம் எனக்கு வேணாம்."

ஆண்டிச்சாமி கயிற்றை வாங்கினார். பவுனு அவர் தோளில் மோவாயை வைத்தது. வாளி எங்கே என்று முகர்ந்தது. அவர் அதன் தாடையைத் தடவிக்கொண்டே நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

"வாங்க அண்ணே, போவோம். நடத்தியே ஓட்டிட்டுப் போயிரலாம்" என்றேன்.

"சார், வாசல் தாண்டுனது திரும்பி வரக் கூடாதுன்னு சொல்லிருக்கான்ல."

"அண்ணே, அவன் வெத்து வயிறுன்னுதான சொன்னான்? இது வெத்து இல்லையே!"

"அதான் சார் பயமா இருக்கு. நெறைஞ்சதை வாசல் தாண்டி அனுப்பிட்டோம். இப்பத் திரும்பக் கூட்டிட்டுப் போனா, வீட்டுக்குன்னு வர இருந்த ஒண்ணை இதுவே வாங்கிக்கிருச்சுன்னு ஆயிருமோ, மகளுக்கு இல்லாமப் போயிருமோ..."

"இதையெல்லாம் நம்புறீங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். "நான் நம்பலை சார். ஆனா நம்பாம இருந்து மகளுக்கு எதுனாச்சும் ஆயிருச்சுன்னா?"

எனக்கு வாய்ச் சாமர்த்தியம் உண்டு என்று ஊரே சொல்லும். கர்ப்பப்பை, கொழுப்பு, உப்பு, இனம், எல்லாம் சொன்னேன். கூட்டத்தில் பாடம் நடத்துகிறவன் மாதிரி, கையுறையைக்கூடக் கழற்றாமல் சொன்னேன். மண்டபச் சோறு நின்றதால்தான் பிடித்தது, இதில் குறையும் இல்லை, கோடாங்கியும் இல்லை என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். படித்தவன் அழும்போது குறுக்கே பேசக்கூடாது என்பது போலக் கேட்டார்.

பிறகு கயிற்றை மறுபடி சுருளி கையில் கொடுத்தார்.

"லாரிக்கு வேணாம் அண்ணே. நல்ல எடமாப் பாத்துக் குடுங்க. பாலுக்கு வச்சுக்கிறவங்களாப் பாத்து."

"செக்கானூரணியில ஒருத்தர் கேட்டுக்கிட்டு இருந்தாரு. குடுத்துர்றேன்" என்றார் சுருளி.

திரும்பும் வழியில் ஆண்டிச்சாமி ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "மகளுக்குத் தெரிய வேணாம் சார். ராக்குக்கும் தெரிய வேணாம். தெரிஞ்சா செத்துருவா."

சரி என்றேன்.

வீட்டு வாசலில் இசைவாணி நின்றிருந்தாள். கோயிலிலிருந்து வந்த நெற்றித் திருநாமம் அழியவில்லை. அத்தைக்காரி உள்ளே போய்விட்டாள். ராக்கம்மாள் கதவுக்குப் பின்னால் இருப்பது நிழலில் தெரிந்தது. இசைவாணி அப்பாவைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தாள். உறையைக் கழற்றினாலும் வாசம் போகாது. அது அவளுக்குத் தெரியும்.

"பாத்தீகளா சார்?"

"இல்லம்மா. நாங்க போறதுக்குள்ள லாரி..."

"சார்."

நான் நிறுத்திவிட்டேன்.

"அது ஆவணியிலருந்தே பருவத்துக்குக் கத்தலை" என்றாள். "ஒருநாள் கூடக் கத்தலை. எனக்குத் தெரியும்."

"சொல்லியிருக்கலாமேம்மா."

"மூணு மாசம் முடியட்டும்னு இருந்தேன். மூணு மாசம் முடியாம வாயில வரக் கூடாதுல்ல. கண்ணு பட்டுரும்." அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "எனக்கும் ஒருதடவை நாள் தள்ளிப்போச்சு. சந்தோசத்துல அன்னிக்கே எல்லாத்துட்டயும் சொல்லிப்புட்டேன். மறுவாரமே ஒண்ணுமில்லாமப் போச்சு. அதான் இதுக்காச்சும் வாயைக் கட்டிக்கிருவோம்னு..."

கதவுக்குப் பின்னாலிருந்த நிழல் அப்படியே கீழே உட்கார்ந்தது. வளையல் தரையில் படுகிற சத்தம் கேட்டது. அழுகை கேட்கவில்லை. ஆண்டிச்சாமி சைக்கிளைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்த இடத்தையே துடைத்தார்.

"உசுரோட இருக்கு" என்றேன். வாக்குத் தவறிவிட்டேன். அதற்காக எனக்கு வருத்தமில்லை. "செக்கானூரணிக்குப் போவுது. பாலுக்கு."

இசைவாணி தலையை ஆட்டினாள். "திரும்ப வாங்குறேன்னு சொல்லலையாப்பா?"

ஆண்டிச்சாமி துடைப்பதை நிறுத்தவில்லை.

அவளுக்கு அதுவும் புரிந்துவிட்டது. யாருக்காக வாங்கவில்லை என்பதும் புரிந்துவிட்டது. அவள் கொட்டகைக்குள் போய், முளைக்குச்சியைச் சுற்றிக் கிடந்த பழைய சாணியை அள்ளத் தொடங்கினாள். நான் வண்டியைக் கிளப்பினேன். டீக்கடையிலிருந்து யாரோ, "மாப்ள, காளை போவுதுடா" என்றார்கள். நான் ஹாரனை அடிக்கவில்லை.

கோடாங்கி சொன்னபடி ஒரு வயிறு வாசல் தாண்டிப் போயிற்று. இன்னொன்று நிறைவதற்கு மருது வந்திருக்க வேண்டும் அல்லவா? ஐப்பசி வந்தது, தை வந்தது, மருது வரவில்லை. மாசியில் அவனுக்கு வேறு பெண் பார்த்து முடித்துவிட்டதாகச் செல்லத்தாய் வழியாகத்தான் சேதி வந்தது. செல்லத்தாய் அன்றைக்குப் பகடி பேசவில்லையாம். மறுநாள் காலையில் தன் மாட்டுக் கயிற்றை இசைவாணி கையில் கொடுத்து, "ஒனக்குத்தான் கண்மாய்ப் பக்கம் வழி தெரியும், ஓட்டிட்டுப் போத்தா" என்று மட்டும் சொன்னாராம்.

வைகாசிக் கடைசியில் எனக்குச் செக்கானூரணியில் ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் போனேன். விசாரித்து அந்த வீட்டைக் கண்டுபிடித்தேன். வேப்பமரத்தடியில் பவுனு நின்றிருந்தது. விலா லேசாகத் தெரிந்தது. மடி நிறைந்திருந்தது. அடியில் சிவப்பாக ஒரு கன்று முட்டி முட்டிக் குடித்துக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர், "யாரு சார் நீங்க?" என்றார். கன்றின் தாத்தா என்று சொல்ல வாய் வந்தது. மாட்டாஸ்பத்திரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அன்று சாயங்காலமே கல்லுமேட்டுப்பட்டிக்குப் போனேன். ராக்கம்மாள் வாசலில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தார். இசைவாணி மேய்ச்சலிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். சொன்னேன்.

"கிடேரியா, காளையா?" என்றாள் இசைவாணி.

"கிடேரி."

அவ்வளவுதான் அவள் கேட்டது. சொம்பை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

ராக்கம்மாள் கரியைத் தேய்ப்பதை விடாமல், தலையைத் தூக்காமல், "சார், அங்க சோறு போடுறாகளா அதுக்கு?" என்றார்.

"இல்லக்கா. தட்டை, புல்லு, கொஞ்சம் புண்ணாக்கு. சோறெல்லாம் போடுறதில்லை."

"அப்ப நல்லாருக்கும்" என்றார்.

தெருமுனையில் வாளி கிணுங்கியது. முகூர்த்த மாதம்; மாடு போன பிறகும் வாளியை விடாத ஆண்டிச்சாமி வந்துகொண்டிருந்தார். கொட்டகையிலிருந்து சத்தம் எதுவும் வரவில்லை. ராக்கம்மாள் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து, பழக்கத்தில் இரண்டு எட்டு வைத்து, நின்றுவிட்டார்.